வரிசைப்படுத்திய பெரிய ஃபைலிலிருந்து ரெக்கார்டு எடுக்கும் ஜாப் தடுமாறினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

இசட்ஓஎஸ் இயங்குதளம் ஓடும் மெயின்ஃப்ரேமில் இரவு பேட்ச், அதாவது இரவில் மொத்தமாக ஓடும் ஜாப்களைப் பார்ப்பவர்களுக்குப் பழக்கமான வேலை இது. கணக்கு எண் வரிசையில் அடுக்கிய ஒரு மாஸ்டர் ஃபைல், 10 கோடி ரெக்கார்டு, ஒவ்வொன்றும் 200 பைட். அதிலிருந்து ஒரே ஒரு கணக்கு வேண்டும், அல்லது இந்த எண் முதல் அந்த எண் வரை வேண்டும், அல்லது ஒரு பட்டியலில் உள்ள சில ஆயிரம் கணக்குகள் வேண்டும். ஃபைல்தான் வரிசையில் இருக்கிறதே, சீக்கிரம் முடியும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி நடக்காதபோது எங்கே பார்ப்பது என்பதை அறிகுறிவாரியாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல் வரிசையில் இருப்பது உங்களுக்குத் தெரியும், ஃபைல்களை வரிசைப்படுத்தவும் வடிகட்டவும் நகலெடுக்கவும் பயன்படும் டிஎஃப்சார்ட்டுக்கு (சுருக்கமாக சார்ட்) தெரியாது. கோபோல் மொழியில் எழுதிய ப்ரோக்ராமுக்கும் தெரியாது. நீங்கள் எடுத்துச் சொன்னால்தான் அந்த வரிசையால் பலன். இந்த மாதிரி ஜாப்களில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி, அதைச் சொல்லாமல் விட்டதாலோ தப்பாகச் சொன்னதாலோ வருகிறது.

எதைத் தொடும் முன்பும் ஜாப் லாக்கில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, டிஎஃப்சார்ட் தரும் ஐசிஇ054ஐ செய்தியில் எத்தனை ரெக்கார்டு உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது. இரண்டு, அந்த ஸ்டெப்பின் (ஜாப்பின் ஒரு கட்டம்) எக்ஸ்சிபி எண்ணிக்கை, அதாவது டிஸ்க், டேப்பிடம் படிக்கவும் எழுதவும் எத்தனை முறை கேட்டது என்பது. மூன்று, சிபியு நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள இடைவெளி. எந்த அறிகுறிக்குப் போவது என்பதை இந்த மூன்றே காட்டிக்கொடுத்துவிடும்.

அறிகுறி: வேண்டிய ரெக்கார்டு ஃபைலின் தொடக்கத்திலேயே இருக்கிறது, ஆனாலும் ஜாப் கடைசிவரை ஓடுகிறது

ஐசிஇ054ஐ செய்தியில் உள்ளே 10 கோடி, வெளியே 1 என்று இருந்தால் இதுதான் உங்கள் கேஸ்.

எந்த ரெக்கார்டு வேண்டும் என்று டிஎஃப்சார்ட்டுக்குச் சொல்லும் இன்க்ளூட் கண்டிஷன் என்பது ஒவ்வொரு ரெக்கார்டிடமும் கேட்கப்படும் ஒரு கேள்வி, அவ்வளவுதான். கீ, அதாவது ஃபைல் எதன்படி அடுக்கப்பட்டிருக்கிறதோ அந்தக் கணக்கு எண், நீங்கள் கேட்ட எண்ணைத் தாண்டிப் போய்விட்டது, இனிமேல் வராது என்ற முடிவுக்கு அது ஒருபோதும் வராது. அடுத்ததையும் படிக்கும், அதற்கடுத்ததையும் படிக்கும்.

எத்தனை ரெக்கார்டு கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியுமானால் வழி எளிது. ஆப்ஷன் காப்பியோடு (வரிசைப்படுத்தாமல் நகலெடுக்கும் கட்டளை) ஸ்டாப்ஆஃப்ட் (இத்தனை ரெக்கார்டோடு நிறுத்து) சேருங்கள். கணக்கு எண் தனித்துவமானது, ஒன்றுதான் வரும் என்றால் ஸ்டாப்ஆஃப்ட் 1. இன்க்ளூடைத் தாண்டி ஏற்கப்பட்ட ரெக்கார்டுகளைத்தான் அது எண்ணும், படித்தவற்றை அல்ல. இது தெரியாமல், ஸ்டாப்ஆஃப்ட் 1 போட்டால் முதல் ரெக்கார்டோடு நின்றுவிடும் என்று பயந்து அதைத் தொடாமலே விட்டிருப்பவர்கள் உண்டு. அப்படி ஆகாது.

கூடவே ஒன்றைப் பாருங்கள். அந்த ஸ்டெப்பில் ஆப்ஷன் காப்பிக்குப் பதிலாக சார்ட் ஃபீல்ட்ஸ் என்று கணக்கு எண்ணே கொடுக்கப்பட்டிருக்கிறதா? ஏற்கெனவே வரிசையில் உள்ள ஃபைலை அதே கீயில் மறுபடி வரிசைப்படுத்தும் ஸ்டெப்கள் பழைய ஜேசிஎல்களில் (ஜாப்பை ஓட்டும் கட்டளை வரிகள்) நிறையக் கிடக்கின்றன. எதிலிருந்தோ நகலெடுத்த ஜேசிஎல், யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. எடுத்துவிடுங்கள்.

எத்தனை வரும் என்று தெரியாத வரம்பு வேண்டுமென்றால் ஸ்டாப்ஆஃப்ட் உதவாது. அங்கே ஒரு சின்ன கோபோல் ப்ரோக்ராம்தான் சரி. படி, கீ கீழ் எல்லைக்குக் குறைவா, விட்டுவிடு. வரம்புக்குள்ளா, எழுது. மேல் எல்லையைத் தாண்டிவிட்டதா, ஃபைலை மூடிவிட்டு வெளியே வா. கடைசி வரிதான் முக்கியம். சார்ட்டுக்குத் தெரியாத விஷயம் அது ஒன்றுதான்.

இதன் பலன் வரம்பு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. ஃபைலின் முதல் கால்பகுதியில் முடிந்தால் முக்கால்வாசிப் படிப்பு மிச்சம். கடைசியில் இருந்தால் ஒன்றும் மிச்சமில்லை. ஸ்கிப்ரெக் கொடுத்து முதல் 9 கோடியைத் தாண்டினால் வேகமாகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. தாண்டப்படும் ரெக்கார்டுகளும் டிஸ்கிலிருந்து படிக்கப்பட்டுத்தான் தள்ளப்படுகின்றன. அவற்றை ஆராயும் சிபியு மட்டும் கொஞ்சம் குறையும்.

ஃபைல் பல வால்யூம் டேப்பில் இருந்தால் ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜேசிஎல்லின் வால்யூம் பாராமீட்டரில் மூன்றாவது இடம் வால்யூம் வரிசை எண்ணுக்கானது. கேட்டலாக் செய்யப்பட்ட ஃபைலுக்கு அங்கே 4 என்று கொடுத்தால் படிப்பு நான்காவது வால்யூமிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு வால்யூமும் எந்தக் கீயில் ஆரம்பிக்கிறது என்று தெரிந்திருந்தால் முன்னுள்ள மூன்றையும் மவுண்ட் செய்யவே தேவையில்லை. ஃபைல் ஒவ்வொரு முறை புதிதாக உருவாகும்போதும் அந்தத் தொடக்கக் கீகள் மாறும், அதனால் நிரந்தர ஜேசிஎல்லில் எழுதிவைக்காதீர்கள். அவசரத்துக்கு ஒருமுறை எடுக்கும்போது பயன்படுத்துங்கள்.

அறிகுறி: பட்டியலில் இருப்பதோ சில ஆயிரம் கீ, ஆனால் சார்ட்வொர்க் நிரம்பி ஜாப் விழுகிறது

சார்ட்வொர்க் என்பது வரிசைப்படுத்தும்போது டிஎஃப்சார்ட் பயன்படுத்தும் தற்காலிக டிஸ்க் இடம். லாக்கில் ஐசிஇ046ஏ, அல்லது இடம் போதாமல் ஐசிஇ083ஏ என்ற செய்தி வரும். ஸ்டெப்பில் இரண்டு ஃபைல்களைக் கீ வைத்துப் பொருத்தும் ஜாயின்கீஸ் இருக்கும். உடனே சார்ட்வொர்க்கை இரட்டிப்பாக்கிவிட்டு மறுபடி ஓடவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. சில மாதம் தாங்கும், ஃபைல் வளர்ந்ததும் திரும்பவும் விழும்.

ஜாயின்கீஸ் இரண்டு ஃபைல்களையும் தனித்தனி சப்டாஸ்க்குகளில் வரிசைப்படுத்திவிட்டுத்தான் பொருத்திப் பார்க்கிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அந்த 10 கோடி ரெக்கார்டையும், அதாவது 20 ஜிபியையும், சார்ட் செய்யும். ஏற்கெனவே வரிசையில் உள்ளது என்று சொல்ல சார்ட்டட் என்ற சொல்லைப் பெரிய ஃபைலின் ஜாயின்கீஸ் வரியில் சேருங்கள். சார்ட் காப்பியாக மாறிவிடும், சார்ட்வொர்க் தேவை மறைந்துவிடும். இந்த அறிகுறிக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை.

சார்ட்டட் போட்டால் டிஎஃப்சார்ட் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டே போகும், பிசகினால் பிழை காட்டி நிற்கும். நோசீக்செக் சேர்த்தால் அந்தச் சரிபார்ப்பும் போய்விடும். அதில் மிச்சமாகும் சிபியு சிறிது, ஆனால் எப்போதாவது மேலே ஓடும் ஜாப் கோளாறாகி வரிசை கலைந்த ஃபைல் வந்தால் பொருத்தம் சத்தமில்லாமல் விடுபடும். ரிட்டர்ன் கோட் 0, அதாவது எல்லாம் சரி என்று வரும், ரெக்கார்டு மட்டும் இருக்காது. முந்தைய ஸ்டெப்பிலேயே சார்ட் ஆகி வரும் ஃபைலுக்கு மட்டும் நோசீக்செக் போடுங்கள். வேறொரு குழுவிடமிருந்து வரும் ஃபைலுக்கு வேண்டாம்.

சார்ட்டட் போட்ட பிறகும் மெதுவாகவே இருந்தால், பொருந்திய ரெக்கார்டிலிருந்து எந்தப் பகுதியை எடுப்பது என்று சொல்லும் ரிஃபார்மட் வரியைப் பாருங்கள். தேவையில்லாத 200 பைட்டும் அங்கே அடுத்த கட்டத்துக்குக் கடத்தப்படுகிறதா? நிலை, கிளை எண் போல வேறு நிபந்தனைகள் இருந்தால் அவற்றை (மாஸ்டர் இரண்டாவது ஃபைல் என்றால்) அந்த ஃபைலுக்கான கட்டளைகளைத் தரும் ஜேஎன்எஃப்2சிஎன்டிஎல் டிடி-யில் (ஃபைலை ஸ்டெப்போடு இணைக்கும் ஜேசிஎல் வரி) இன்க்ளூடாகக் கொடுங்கள். பொருத்தத்துக்கு முன்பே வடிகட்டிவிடும்.

பட்டியல் பத்து இருபது கீ மட்டுமே என்றால் ஜாயின்கீஸே வேண்டாம். இன்க்ளூடில் எஸ்எஸ் (துணைச்சரம்) ஒப்பீட்டில் கீகளைக் காற்புள்ளியிட்டு ஒரே மாறிலியாகக் கொடுத்தால் போதும். ஆயிரக்கணக்கான ‘ஆர்’ (அல்லது) நிபந்தனைகளை ப்ரோக்ராம் வைத்து உருவாக்கி இன்க்ளூடில் திணிப்பதை மட்டும் தவிருங்கள். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் அந்தப் பட்டியலை ஓட்டிப் பார்க்கும் சிபியு செலவு பில்லில் தெரியும்.

அறிகுறி: ரிட்டர்ன் கோட் 0, அவுட்புட் காலி

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த அறிகுறிதான். அபெண்ட் ஆனால், அதாவது ஜாப் பிழையோடு நடுவில் விழுந்தால், யாராவது எழுந்து பார்ப்பார்கள். காலி ஃபைல் அமைதியாக அடுத்த ஜாப்புக்குப் போய்விடும். முதல் வேலையாக, காலியாக வரவே கூடாத ஸ்டெப்களில் நல்அவுட் ஆர்சி16 (அவுட்புட் காலியானால் ரிட்டர்ன் கோட் 16) சேருங்கள். ஒரே படிப்பில் பல ஃபைல் எழுதும் அவுட்ஃபில் பயன்படுத்தினால் நல்ஓஎஃப்எல். அப்புறம் காரணத்தைத் தேடலாம்.

ஃபைல் விபி-யா (மாறும் நீள ரெக்கார்டு கொண்டதா) என்று பாருங்கள். மாறும் நீள ரெக்கார்டில் முதல் 4 பைட் ஆர்டிடபிள்யு, அதாவது ரெக்கார்டின் நீளம். ரெக்கார்டின் அமைப்பை எழுதிய காப்பிபுக்கில் முதல் இடத்தில் உள்ள கீ சார்ட்டுக்கு 5-ஆம் இடம். எஃப்பி (எல்லாம் ஒரே நீளம்) ஃபைலாக இருந்தது ஒருநாள் விபி-யாக மாறி, சார்ட் கார்டை யாரும் மாற்றாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். விபி-யில் இன்னொன்று: சில ரெக்கார்டு நீங்கள் கேட்கும் ஃபீல்டைவிடக் குட்டையாக இருந்தால் ஐசிஇ218ஏ வரும். விஎல்எஸ்காம்ப் கொடுத்தால் குறையும் பகுதியை பைனரி பூஜ்யத்தால் நிரப்பி ஒப்பிடும். விஎல்ஷார்ட் கொடுத்தால் அந்த ஒப்பீட்டைப் பொய் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றல்ல. நாட் ஈக்வல் நிபந்தனையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

அடுத்த காரணம் குறி (கூட்டலா கழித்தலா என்ற அடையாளம்). ஜாயின்கீஸ் கீகளை வெறும் பைனரியாகத்தான் ஒப்பிடுகிறது. எண் மதிப்பு அதற்குப் பொருட்டே அல்ல. கணக்கு எண் 4715 என்று வையுங்கள். பட்டியல் ஃபைலில் குறியில்லாத டிஸ்ப்ளே ஃபீல்டாக எழுதியிருந்தால் கடைசி பைட் எஃப்5. மாஸ்டரில் குறியுள்ள ஃபீல்டாக இருந்தால் கடைசி பைட் சி5. ஐஎஸ்பிஎஃப் பிரவுஸில் ஹெக்ஸ் ஆன் கொடுத்துப் பாருங்கள். முதல் ஃபைலில் 0000004715 என்று தெரிவது இரண்டாவதில் 000000471 என்று ஒன்பது இலக்கமும் அதன்பின் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஈ’யுமாகத் தெரியும். மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் அந்த எழுத்தின் மதிப்புதான் சி5. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒரே எண், ஜாயின்கீஸுக்கு இரண்டும் வேறு. பேக்டு ஃபீல்டிலும் (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம்) இதே கதை: ஒன்றின் கடைசி அரை பைட் சி, மற்றொன்றின் கடைசி அரை பைட் எஃப்.

சரிசெய்யும்போது சின்ன ஃபைலை மாற்றுங்கள், பெரியதைத் தொடாதீர்கள். சின்ன ஃபைலின் சிஎன்டிஎல் டிடி-யில் இன்ரெக் ஓவர்லே (ரெக்கார்டின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் கட்டளை) வைத்து, இசட்டி (ஒரு பைட்டுக்கு ஓர் இலக்கம்) ஃபீல்டை மாஸ்டரில் உள்ள குறிக்கு ஏற்ப இசட்டிசி (குறி சி) அல்லது இசட்டிஎஃப் (குறி எஃப்) வடிவுக்கு மாற்றினால் போதும். சில ஆயிரம் ரெக்கார்டை மாற்றுவதற்கு நேரமே ஆகாது.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட கீ வரை எல்லாம் கிடைக்கிறது, அதற்குமேல் ஒன்றுமே பொருந்தவில்லை

இரண்டு ஃபைலையும் ஒன்றோடொன்று பொருத்திப் போகும் கோபோல் ப்ரோக்ராமில் இது வந்தால், இரண்டு ஃபைலும் வெவ்வேறு ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

பட்டியல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பிசி-யில் எக்செல்லில் அடுக்கி அனுப்பியிருந்தால் விஷயம் புரிந்துவிடும். பிசி-யின் எழுத்துக் குறியீடான ஆஸ்கியில் இலக்கங்கள் முதலில், பிறகு பெரிய எழுத்துகள், பிறகு சிறிய எழுத்துகள். எப்சிடிக்கில் நேர் தலைகீழ்: சிறிய எழுத்துகள், பெரிய எழுத்துகள், கடைசியில்தான் இலக்கங்கள். கீயில் எண் மட்டுமே இருக்கும்வரை இது வெளியே தெரியாது. எழுத்தில் தொடங்கும் கணக்கு எண்கள் என்று ஒரு புது வகையைத் திறந்த மாதத்தில் தெரியும். ப்ரோக்ராம் 9-இல் தொடங்கும் கீயைத் தேடி மாஸ்டரின் கடைசிவரை ஓடிவிடும், அதற்குள் எழுத்துக் கீகள் எல்லாம் கடந்து போயிருக்கும். வெளியிலிருந்து வரும் எந்தப் பட்டியலையும் மெயின்ஃப்ரேமில் ஒருமுறை சார்ட் செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சின்ன ஃபைல்தானே.

ஒழுங்கு சரியாக இருந்தும் விடுபட்டால் ப்ரோக்ராமின் மூன்று கிளைகளைப் பாருங்கள். பட்டியல் கீ சிறியதா, அந்தக் கீ இதுவரை ஒருமுறையும் பொருந்தவில்லையென்றால் மட்டும் மாஸ்டரில் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த பட்டியல் கீயைப் படிக்க வேண்டும். சமமா, ரெக்கார்டை எழுதிவிட்டு மாஸ்டரைப் படிக்க வேண்டும். பட்டியல் கீ பெரியதா, மாஸ்டரை மட்டும் படிக்க வேண்டும். சமமான கிளையில் இரண்டையும் சேர்த்து நகர்த்தினால், ஒரே கணக்குக்குப் பல ரெக்கார்டு உள்ள ஃபைலில் முதலாவது மட்டுமே கிடைக்கும். மாஸ்டர் தீர்ந்ததும் அதன் கீயில் ஹை-வேல்யூஸ் (எல்லாவற்றையும்விடப் பெரிய மதிப்பு) வைத்தால் பட்டியலில் மீதியுள்ளவை தானாகவே ‘இல்லை’ பக்கம் போகும். பட்டியல் தீர்ந்துவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். மாஸ்டரைக் கடைசிவரை படித்துக் கவுண்ட் சரிபார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஃபைலின் கடைசியிலுள்ள ட்ரெய்லர் ரெக்கார்டைச் சோதித்தே ஆக வேண்டுமென்றால் அதற்கான விலை இது என்று தெரிந்து கொடுங்கள்.

பட்டியலை டேபிளில் ஏற்றி சர்ச் ஆல் (பைனரி தேடல்) செய்யும் ப்ரோக்ராமில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கீகள் விடுபட்டால் டேபிளின் வால்பகுதியைப் பாருங்கள். 5,000 இடம் உள்ள டேபிளில் 3,000 கீ ஏற்றினால் மீதி 2,000 இடத்தில் என்ன இருக்கிறது? ஸ்பேஸ் இருந்தால் வரிசை உடைந்துவிட்டது, பைனரி தேடல் தடம் மாறிப்போகும். ஹை-வேல்யூஸ் நிரப்புங்கள், அல்லது ஆக்கர்ஸ் டிபெண்டிங் ஆன் (ஏற்றிய எண்ணிக்கையே டேபிளின் நீளம்) பயன்படுத்துங்கள். பட்டியல் 5,000-ஐத் தாண்டினால் சாக்ஃபோர் (எஸ்0சி4, தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டதற்கான அபெண்ட்) வரலாம், அல்லது அபெண்டே இல்லாமல் பக்கத்து ஸ்டோரேஜ் கெடலாம். சோதனையின்போது எஸ்எஸ்ரேஞ்ச் (டேபிள் எல்லையைச் சோதிக்கும் ஆப்ஷன்) போட்டுக் கம்பைல் செய்தால் அதே இடத்தில் ஐஜிஇசட்0006எஸ் என்ற பிழைச் செய்தி சொல்லிவிடும்.

அறிகுறி: எதிர்பார்த்ததைவிட அதிக ரெக்கார்டு

ஜாயின்கீஸில் இரண்டு பக்கமும் இரட்டைக் கீ இருக்கிறது. ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 என்றால் வெளியே 12. பட்டியலை சம் ஃபீல்ட்ஸ் நன் வைத்து ஒருமைப்படுத்துங்கள், முடிந்தது.

அறிகுறி: எக்ஸ்சிபி எண்ணிக்கை ரெக்கார்டு எண்ணிக்கைக்குப் பக்கத்தில் நிற்கிறது

ஃபைல் பிளாக் செய்யப்படவில்லை, அதாவது பல ரெக்கார்டுகளை ஒரே தொகுதியாகச் சேர்த்து எழுதவில்லை. இதை நம்பவே முடியாது என்பார்கள், ஆனால் நடக்கிறது. கோபோலில் ஃபைலை விவரிக்கும் எஃப்டி-யில் பிளாக் கண்டெய்ன்ஸ் 0 ரெக்கார்ட்ஸ் என்ற வரி விடுபட்டால், அந்த ப்ரோக்ராம் எழுதும் புதிய ஃபைல் ஒரு பிளாக்குக்கு ஒரு ரெக்கார்டு என்று உருவாகும். எழுதும் ஜாப் மட்டுமல்ல, அதன்பின் படிக்கும் ஒவ்வொரு ஜாப்பும் இதற்கு விலை கொடுக்கும். எண்டர்பிரைஸ் கோபோல் 4.2 முதல் பிளாக்0 என்ற கம்பைலர் ஆப்ஷன் இருக்கிறது. பழைய சோர்ஸைத் திருத்த அனுமதி கிடைக்காத இடத்தில் அது கைகொடுக்கும்.

3390 வகை டிஸ்கில் அரை டிராக்கை நிரப்பும் பிளாக் 27,998 பைட் வரை போகும். 80 பைட் ரெக்கார்டை 27,920 பிளாக்கில் வைத்தால் டிராக்குக்கு 698 ரெக்கார்டு. பிளாக் செய்யாமல் வைத்தால் 78. நம்முடைய 200 பைட் ஃபைலில் 27,800 பிளாக்கில் 139 ரெக்கார்டு அடங்கும். 10 கோடி ரெக்கார்டுக்குச் சுமார் 7.2 லட்சம் பிளாக். பிளாக் செய்யாவிட்டால் 10 கோடி பிளாக். ஜேசிஎல்லில் பிளாக்சைஸ் 0 என்று விட்டு சிஸ்டமே முடிவுசெய்யட்டும். யாரோ எப்போதோ எழுதிய பிளாக்சைஸ் 6,000 போன்ற எண்கள் பழைய டிஸ்க் காலத்தவை, அவற்றையும் எடுத்துவிடலாம். கோபோல் படிப்புக்கு பஃப்னோவை (பஃபர்களின் எண்ணிக்கை) பொதுவான 5-இலிருந்து 20, 30 என்று கூட்டிப் பாருங்கள்.

அறிகுறி: சிபியு சில வினாடி, கடிகாரத்தில் ஒரு மணி நேரம்

ஓடும் ஜாப்களைக் காட்டும் எஸ்டிஎஸ்எஃப் திரையில் எக்ஸ்சிபி நகராமல் நின்றால் ஜாப் படிக்கவே தொடங்கவில்லை. ஐஎஸ்பிஎஃப் 3.4-இல் (ஃபைல் பட்டியல் திரை) வால்யூம் இடத்தில் மைக்ராட் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பயன்படாத ஃபைல்களை வேறிடத்துக்கு நகர்த்திவைக்கும் ஹெச்எஸ்எம் அதைத் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருக்கிறது. மாதம் ஒருமுறை ஓடும் ஜாப்புக்கு முன்கூட்டியே ஹெச்ரீகால் கொடுத்துவையுங்கள். அது இல்லையென்றால் டேப் மவுண்ட், அதுவும் இல்லையென்றால் வேறொரு ஜாப் ஃபைலை டிஸ்ப் ஓல்டில் (மற்றவர் தொடமுடியாதபடி) பிடித்திருக்கிறது. சார்ட் கார்டை எவ்வளவு திருத்தினாலும் இதற்கு உதவாது.

எக்ஸ்சிபி நகர்கிறது, ஆனால் ஒரே ஜாப்பில் ஐந்து ஸ்டெப் அதே மாஸ்டரை ஐந்து முறை படிக்கிறது என்றால் ஒரே ஸ்டெப்பில் ஐந்து அவுட்ஃபில் ஆக்குங்கள்.

அறிகுறி: மேலே சொன்ன எல்லாம் செய்தாகிவிட்டது, ஆனாலும் பகல் முழுக்க இதே ஃபைலை ஜாப்கள் மேய்கின்றன

இப்போது ஃபைலின் அமைப்பை மாற்றும் நேரம். சீக்வென்ஷியல் ஃபைலில் நடுவிலுள்ள கீக்கு நேராகத் தாவ சாதாரண கோபோலிலோ சார்ட்டிலோ வழியில்லை. கீக்கு இண்டெக்ஸ் வைத்திருக்கும் விசாம் கேஎஸ்டிஎஸ் வகை ஃபைலில் உண்டு. ஏற்கெனவே வரிசையில் இருப்பதால் ஐடிகேம்ஸ் என்ற கருவியின் ரெப்ரோ (நகலெடுக்கும் கட்டளை) வைத்து ஏற்றுவது சுலபம். ஏற்றும்போது இரட்டைக் கீ பிழை வந்தால் கணக்கு எண்ணோடு ஒரு வரிசை எண்ணையும் சேர்த்துக் கீ ஆக்குங்கள்.

ஏற்றிவிட்டால் வரம்பு எடுக்க ப்ரோக்ராமே வேண்டாம். ஐடிகேம்ஸ் ரெப்ரோவில் ஃப்ரம்கீ, டூகீ கொடுத்தால் அந்தப் பகுதியை மட்டும் படித்து நிறுத்திவிடும். முதல் அறிகுறியில் கடைசிப் பகுதி வரம்புக்கு வழியில்லாமல் நின்றோமே, அதற்கு விடை இங்கேதான். சீக்வென்ஷியல் ஃபைலுக்கு இந்த இரண்டும் செல்லாது.

பட்டியலுக்கு ரேண்டம் ரீட் செய்யும்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,096 பைட் கண்ட்ரோல் இன்டர்வலில் (விசாம் ஒரே முறையில் படிக்கும் துண்டு) 200 பைட் ரெக்கார்டு 20 அடங்கும். 10 கோடிக்கு 50 லட்சம் இன்டர்வல். உங்கள் பட்டியலில் 5,000 கீ இருந்தால் அதிகபட்சம் 5,000 இன்டர்வலைத் தொடுவீர்கள், அருமை. 50 லட்சம் கீ பரவலாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு இன்டர்வலைத் தொட்டுவிடுவீர்கள், அதுவும் ஒவ்வொரு முறையும் இண்டெக்ஸ் வழியாக. அந்த அளவில் முழு ஃபைலையும் வரிசையாகப் படித்துப் பொருத்துவதே வேகம். கேஎஸ்டிஎஸ் ஆக்கிய பிறகு ஜாப் முன்பைவிட மெதுவாகிவிட்டது என்று வரும் புகார்களில் முதலில் சரிபார்க்க வேண்டியது இதை.

அடுத்தது பஃபர். எதுவும் கொடுக்காவிட்டால் டேட்டாவுக்கு 2, இண்டெக்ஸுக்கு 1 பஃபர்தான். ஜேசிஎல்லின் ஆம்ப் பாராமீட்டரில் ரேண்டம் படிப்புக்கு பஃப்என்ஐ-யையும் (இண்டெக்ஸ் பஃபர்), வரிசைப் படிப்புக்கு பஃப்என்டி-யையும் (டேட்டா பஃபர்) கூட்டுங்கள். பட்டியலையும் கீ வரிசையில் அடுக்கிக் கொடுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கீகள் ஒரே இன்டர்வலில் இருக்கும்போது அந்த பஃபர் மறுபடி பயன்படும்.

மாஸ்டர் தினமும் இரவில் புதிதாக உருவாகி ஓரிரு முறைதான் படிக்கப்படுகிறது என்றால் கேஎஸ்டிஎஸ் வேண்டாம். தினமும் 20 ஜிபி ஏற்றும் செலவு கிடைக்கும் பலனைத் தின்றுவிடும். அதற்குப் பதிலாக, ஃபைலை உருவாக்கும் அதே சார்ட் ஸ்டெப்பில் அவுட்ஃபில் வைத்துக் கணக்கு எண் வரம்புவாரியாகப் பத்துத் துண்டாக எழுதச் சொல்லுங்கள். எந்தத் துண்டு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்பதை ஜேசிஎல் கமெண்டில் எழுதிவையுங்கள். முழு ஃபைலும் வேண்டிய ஜாப்களுக்கு பத்தையும் ஒரே டிடி-யில் வரம்பு வரிசையில் கோத்துக் கொடுத்தால் அவற்றுக்கு எந்த மாற்றமும் தெரியாது.